வளவுத் தண்ணி என்று நான் எழுதிய சீட்டு

என் மனசை விட்டு ஒரு நாளும் இறங்காத டாக்டரம்மாவுக்கு, ராமாத்தாள் எழுதுவது.

நீங்கள் போய் வருசம் ஒன்று ஆகப் போகிறது. அங்கேயாவது முட்டி வலி இல்லாமல் இருக்கிறீர்களா? எனக்கு இரண்டு முட்டியும் போய்விட்டன. கோயமுத்தூர் கணபதியில் செல்வி வீட்டு மாடியில் கிடக்கிறேன். செல்வியை உங்களுக்குத் தெரியும், என் அக்கா மகள். மாடிப்படி பதினெட்டு. அவள் தோளைப் பிடிக்காமல் என்னால் ஒரு படி இறங்க முடியாது. அவளோ முட்டி இரண்டும் தட்டத் தட்ட, பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து இறங்குகிறவள். நாங்கள் இருவரும் தெருவுக்கு வந்து சேர்வதைப் பார்த்தால் நீங்கள் சிரித்தாலும் சிரிப்பீர்கள்.

மகன் திருப்பூரில் இருக்கிறான். அங்கே போக மாட்டேன். மருமகள் சொன்ன ஒரு சொல்லுக்காகப் பேரன் கலியாணத்தில் பந்தியில் உட்காராமல் எழுந்து வந்தவள் நான். அந்தச் சொல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. ஆகவே எனக்கு இந்த வீடு ஒன்றுதான். சோறு போடுகிற கை செல்வியின் கை ஒன்றுதான். இதை முதலில் எழுதிவிட்டேன். ஏனென்று போகப் போகத் தெரியும்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவள். அதற்கு மேல் எனக்குத் தெரிந்த எழுத்தெல்லாம் நம் ஆராய்ச்சிக் கழகத்துத் தண்ணீர்ப் புட்டிகளில் சீட்டு எழுதி ஒட்டிப் பழகியது. ஊர், தெரு, எந்தத் தண்ணி. இந்தக் கடிதமும் அந்த மாதிரிதான் வரும். கோபிக்க வேண்டாம்.

போன மாதம் கழகத்தின் செயலாளர் மாடியேறி வந்தார். நீங்கள் இருந்தபோது கண்ணாடிக் குழாய் கழுவக்கூடத் தெரியாமல் சேர்ந்த பையன், இப்போது அவர்தான் எல்லாம். பழங்கள் வைத்த தட்டோடு வந்தார்.

"ஏனுங்கம்மா, பொன்விழாவுக்கு மலர் போடறமுங்க. டாக்டரம்மாவப் பத்தி ஒரு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. மேடையில உங்களுக்குச் சால்வை. மொதல்ல வேலைக்குச் சேந்தவங்கள்ல உசுரோட இருக்கறது நீங்க ஒருத்தர்தானுங்க."

"சாகாம இருந்ததுக்கா சால்வை?" என்று கேட்டேன்.

"ஐயோ, அப்படியில்லைங்கம்மா" என்று நெளிந்தார். கழகத்தின் வரலாறு என்று ஒரு புத்தகம் அச்சாகியிருக்கிறதாம். எனக்கென்று ஒன்று கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தேன். மோட்டார்ப் பட்டறைக்கு மேலே இரண்டு அறையில் கழகம் தொடங்கியது இருக்கிறது. நாலைந்து டாக்டர்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடி, இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு வருகிற நோயை இங்கேயே இருந்து ஆராய வேண்டும் என்று முடிவு செய்தது இருக்கிறது. கீழே பட்டறையில் லேத் மெஷின் ஓடினால் மேலே அலமாரியில் கண்ணாடிக் குழாய்கள் கிணுகிணுவென்று ஆடுமே, அது இல்லை. நான் ஒவ்வொரு குழாய்க்கும் நடுவில் பஞ்சு வைத்தது இல்லை. வருகைப் புத்தகத்தில் குமாஸ்தா என் பேரைப் பதினொரு வருசம் ராமாயி என்று எழுதியதும் இல்லை. அந்த ஆளை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஒரு படம் போட்டிருக்கிறார்கள். ஜீப்புக்கு முன்னால் நீங்களும் மற்ற டாக்டர்களும் நிற்கிறீர்கள். ஓரத்தில் புட்டிப் பெட்டியைப் பிடித்தபடி ஒரு கை தெரிகிறது. அது என் கை. படம் எடுத்தவர் "கொஞ்சம் தள்ளிக்கம்மா" என்றார். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியைக் கீழே வைக்கவும் முடியாமல், உள்ளே வரவும் முடியாமல் நின்றேன். அதுவும் எனக்கு மறக்கவில்லை.

அந்தப் படத்துக்குக் கீழேதான் அந்த வரி இருக்கிறது. முதல் ஆய்வு நடந்தபோது எங்கள் ஊரின் தண்ணீர் நன்றாக இருந்ததாம். பிறகுதான் நிலத்தடித் தண்ணீர் கெட்டதாம். இரண்டாவது ஆய்வில் கழகம் அதைக் கண்டுபிடித்து ஊரைக் காப்பாற்றியதாம்.

தண்ணீர் நடுவில் கெடவில்லை டாக்டரம்மா. முதலிலிருந்தே கெட்டுத்தான் இருந்தது. அது இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத் தெரியும். அதில் ஒருவர் நீங்கள், போய்விட்டீர்கள்.

கிணத்துக்கடவுக்கு அப்பால் உள்ளே போகிற எங்கள் ஊருக்கு நீங்கள் முதலில் வந்த நாளை நினைத்துப் பாருங்கள். தண்ணீரில் புளோரைடு என்ற உப்பு கூடிப்போனால் பல் கறை ஏறும், பிள்ளைகளின் கால் எலும்பு வளையும் என்று அப்போதுதான் நீங்கள் எல்லோரும் பேச ஆரம்பித்திருந்தீர்கள். எங்கள் வளவில், அதாவது தோட்டத்து வேலைக்காரர்கள் குடியிருக்கும் தெருவில், போர்வெல் போட்டு அடிபம்பு வைத்துச் சில வருசம்தான் ஆகியிருந்தது. அந்தத் தண்ணீரைத்தான் நாங்கள் எல்லோரும் குடித்தோம். வாயில் வைத்தால் கரிக்கும்.

"வீடு வீடாப் போயி, குடிக்கிற தண்ணி குடுங்கன்னு கேட்டு வாங்கிட்டு வா ராமாத்தா. உன் ஊரு, உனக்குன்னாக் குடுப்பாங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் உட்கார்ந்தீர்கள்.

என் அக்கா வீட்டுக்குத்தான் முதலில் போனேன். செல்வி தொட்டிலில் கிடந்தாள். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏன்டி, டாக்டரம்மா நம்ம தண்ணியவா கேக்கறாங்க? இந்தக் கரிப்புத் தண்ணிய அவிய கையில எப்படிடி குடுக்கறது?"

"குடிக்கறதுக்கு இல்லக்கா, சோதிச்சுப் பாக்கறதுக்கு."

"சோதிக்கறதுக்கா? அப்ப இன்னும் நல்லதாக் குடுக்கோணும். நம்ம வளவுத் தண்ணி கெட்டதுன்னு காயிதத்துல ஏறிப்போச்சுன்னா, நாளைக்கு இங்க எவன் வந்து பொண்ணு கேப்பான்? சித்த இரு, வாரேன்."

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் வேலை செய்த தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் இனிக்கும். மாட்டுச்சாளையைக் கூட்டிச் சாணி அள்ளி முடித்தால் தோட்டக்காரர்கள் ஒரு குடம் ஊற்றுவார்கள், அவர்களாகத்தான் சேந்தி ஊற்றுவார்கள், எங்கள் கை கயிற்றில் படக்கூடாது. அன்றைக்கு அந்த ஒரு குடத்துக்காக அவள் இரண்டு சாளை கூட்டினாள். வெயிலில் வேர்த்து வடிய வந்து, துணியில் வடிகட்டி, என் புட்டியில் ஊற்றினாள். சொந்தப் பிள்ளைக்குக்கூட அவள் அந்தத் தண்ணீரை எடுத்ததில்லை. விருந்தாளி வந்தால் மட்டும்தான்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? கொட்டிவிட்டு அடிபம்பில் போய்ப் பிடித்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் எனக்கும் வெட்கமாக இருந்தது. என் வளவு, என் அக்கா வீடு. கரிப்புத் தண்ணீரை உங்கள் முன்னால் நீட்ட என் கை எழவில்லை. மற்ற வீட்டுப் பெண்களும் அக்கா குடத்திலிருந்தே ஆளுக்குக் கொஞ்சம் வாங்கி என் புட்டிகளில் ஊற்றினார்கள். சீட்டை எடுத்து, வளவுத் தண்ணி என்று என் கையால் எழுதி ஒட்டினேன்.

தோட்டக்காரர்கள் இருக்கும் மேலத் தெருவிலும் அதே கதைதான். வாசலில் நின்றேன். உள்ளே இருந்து விருந்தாளிக்கென்று பித்தளைக் குடத்தில் மூடி வைத்த நல்ல தண்ணீரைத்தான் மொண்டு வந்து ஊற்றினார்கள். வீடு தேடி வந்தவர் தண்ணீர் கேட்டால் இந்தச் சீமையில் யார்தான் வீட்டில் இருப்பதிலேயே மட்டமானதை எடுத்து நீட்டுவார்கள்?

நீங்கள் ஜீப்பில் இருந்து, "எல்லாம் அவங்க குடிக்கிற தண்ணிதானே?" என்று கேட்டீர்கள்.

"ஆமாங்க, வளவுத் தண்ணிதானுங்க" என்றேன்.

மெட்ராசில் பெரிய கூட்டத்தில் நீங்கள் அந்த ஆய்வைப் படித்தீர்கள். போர்வெல் தண்ணீரில் குற்றமில்லை, பல் கறைக்கு வேறு காரணம் தேட வேண்டும் என்று. கை தட்டினார்களாம். கழகத்துக்குச் சொந்த இடம் கொடுப்பதாகப் பேச்சு வந்தது. பட்டறையில் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தீர்கள். என் பங்கை நான் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

மறுநாள் உங்கள் அறைக்கு வந்து சொன்னேன். குடத்தைச் சொன்னேன், சீட்டைச் சொன்னேன். கீழே லேத் ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் எழுந்து கதவைச் சாத்தினீர்கள். திட்டுவீர்கள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் இன்று நான் இப்படி மாட்டிக்கொண்டிருக்க மாட்டேன்.

"ராமாத்தா, இப்ப இதை வெளியில சொன்னா கழகம் நிக்காது. கழகம் இருந்தாத்தான நாம திரும்பப் போயி, சரியாச் செஞ்சு, அந்த ஊருக்கு நல்ல தண்ணி வாங்கித் தர முடியும்? அடுத்த வருசமே போலாம். அதுவரைக்கும் உன் வாயிலிருந்து வரக்கூடாது. தங்கச்சி மாதிரி நினைச்சுக் கேக்கறேன்."

கையை நீட்டினீர்கள். ஸ்பிரிட் வாசனை அடித்த கை. அதில் அடித்துச் சத்தியம் செய்தேன். நாற்பது வருசத்துக்கு மேல் உங்களோடு இருந்தேன். தங்கச்சி என்று நீங்கள் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த வருசம் போகவில்லை. கட்டடம் கட்டினார்கள். அதற்கடுத்த வருசம் மில் வேலைக்காரர்களின் இருமலைப் பார்க்கப் போனோம். அதுவும் வேண்டிய வேலைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஒவ்வொரு தைப் பொங்கலுக்கும் ஊருக்குப் போய் வந்து உங்கள் மேசை முன்னால் நின்றேன். "போலாம் ராமாத்தா" என்றீர்கள். செல்வி நடந்தாள், ஓடினாள். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வயசில் அவள் முட்டி இரண்டும் ஒன்றோடொன்று உரச ஆரம்பித்தது.

அப்போதுதான் போனோம். அவளைப் பள்ளிக்கூட வாசலில் பார்த்ததும் நீங்கள் ஜீப்பிலேயே உட்கார்ந்துவிட்டது எனக்கு நினைவிருக்கிறது. பிறகு இறங்கி, யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், நீங்களே அடிபம்பை அடித்து, நீங்களே புட்டியில் பிடித்தீர்கள். சீட்டும் நீங்களே எழுதினீர்கள். என்னிடம் கொடுக்கவில்லை. அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனால் தைக்க வேண்டியதுதான்.

அதற்கப்புறம் ஊருக்கு வேறு தண்ணீர் வந்தது. அதற்காக நீங்கள் எத்தனை ஆபீஸ் வாசலில் நின்றீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். கூட நின்றவள் நான். பின்னால் பிறந்த பிள்ளைகள் நேரான காலோடு ஓடுகிறார்கள். செல்வியின் கால் நேராகவில்லை.

அவளைப் பெண் பார்க்க ஒரே ஒரு குடும்பம் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா, "அம்மணி, அந்தச் செவுத்து வரைக்கும் நடந்துபோட்டு வா கண்ணு" என்றாள். செல்வி நடந்தாள். காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனார்கள். இப்போது அவளுக்குத் தலை நரைத்துவிட்டது. பட்டறைகளுக்கு மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக் கொடுக்கிறாள். உட்கார்ந்து செய்கிற வேலை.

அக்கா கடைசி வரைக்கும் என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் தெரியுமா? வயிற்றில் செல்வி இருந்தபோது கிரகணத்தில் வெளியே வந்து அரிவாளைத் தொட்டுவிட்டாளாம். அதனால்தான் பிள்ளைக்குக் கால் வளைந்ததாம். கண்ணை மூடும்போதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் பண்ணுன தப்புடி ராமாத்தா, எம்பட புள்ளையப் பாத்துக்க" என்றாள். கிரகணம் இல்லக்கா, தண்ணீர் என்று சொல்ல ஒரு நொடி போதும். உங்கள் கையில் அடித்த சத்தியம் என் வாயில் உட்கார்ந்திருந்தது.

உங்களுக்கு முடியாமல் போன பிறகு பார்க்க வந்தேன் அல்லவா? "டாக்டரம்மா, அந்தச் சத்தியத்தைத் திருப்பிக் குடுத்துருங்க" என்று காதோரம் கேட்டேன். நீங்கள் தூங்குவது போலக் கிடந்தீர்கள். உங்கள் கண்ணிமை ஆடியதைப் பார்த்தேன். நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொன்னாள். நாலு நாளில் நீங்கள் போய்விட்டீர்கள். விடுதலை செய்ய வேண்டியவர் சாவியோடு போனால் உள்ளே இருப்பவள் யாரைக் கூப்பிடுவது?

இப்போது பாருங்கள். உங்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதச் சொல்கிறார்கள். உங்களைக் காட்டிக்கொடுக்காமல் என்னைக் காட்டிக்கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை. என்னைக் காட்டிக்கொடுத்தால் எனக்குச் சோறு போடுகிற கை என்ன ஆகும்? எழுதாவிட்டால் அந்தப் பொய் வரி அச்சில் நின்றுவிடும். பதினெட்டுப் படிக்கு மேலே உட்கார்ந்துகொண்டு எந்தப் பக்கம் ஓடுவேன்?

இது வரைக்கும் நோட்டில் எழுதி, மூன்று நாள் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். நாலாம் நாள் செல்வி சோற்றுத் தட்டைக் கொண்டுவந்து வைத்தபோது நோட்டை அவள் கையில் கொடுத்தேன்.

"என்ன சின்னம்மா, கணக்கா?"

"படி கண்ணு."

நின்றுகொண்டே படித்தாள். பிறகு உட்கார்ந்தாள். படித்து முடித்து நோட்டை மூடினாள்.

"அப்ப கெரகணம் இல்லையா சின்னம்மா?"

"இல்ல கண்ணு."

"எங்கம்மா அதையே சொல்லிச் சொல்லித்தான செத்தா. ஒத்த வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல நீங்க?" தன் காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஆறு நாள் என்னோடு பேசவில்லை. வேளாவேளைக்குத் தட்டு வந்தது, மாத்திரை வந்தது, வெந்நீர் வந்தது. கீழே காயில் சுற்றும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. "திருப்பூருக்குப் போயிரட்டுமா?" என்று மேலே இருந்து கேட்டேன். எப்படிப் போவேன்? இறங்குவதற்கே அவள் தோள்தான் வேண்டும். அவளை விட்டு ஓடுவதற்கும் அவளையே அல்லவா கூப்பிட வேண்டியிருக்கிறது.

ஏழாம் நாள் நோட்டோடு மேலே வந்தாள்.

"சின்னம்மா, அந்தக் கழகத்துல ஒரு சட்டம் இருக்குதுன்னு சொல்லுவீங்களே, தண்ணி புடிக்கறதுக்கு?"

இருக்கிறது. உங்களுக்கும் தெரியும், நீங்கள் போட்டதுதான். தண்ணீரை வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கக் கூடாது, ஊறுகிற இடத்தில் நம் கையாலேயே பிடிக்க வேண்டும். இன்றைக்கும் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு அதுதான் முதல் பாடம். புத்தகத்தில் அதற்கு ஒரு பக்கமே கொடுத்து, உங்கள் தொலைநோக்கு என்று எழுதியிருக்கிறார்கள்.

"அது எங்கம்மா குடத்துனால வந்த சட்டந்தான?"

"ஆமா கண்ணு."

"அப்ப அதுல எங்கம்மா பேரப் போடச் சொல்லுங்க. இந்த நோட்டுல பூரா அக்கா அக்கான்னே எழுதி வெச்சிருக்கறீங்க. நீங்களே அவ பேர எழுதலையே."

திருப்பிப் பார்த்தேன். உண்மைதான். படத்திலிருந்து என்னைத் தள்ளி நிற்கச் சொன்னதை இத்தனை வருசம் மனசில் வைத்திருக்கிறேன். நானும் அதையேதான் செய்திருக்கிறேன். என் அக்காவின் பேர் பொன்னாத்தாள்.

செல்வி செயலாளருக்குப் போன் போட்டாள். ஒன்று விடாமல் சொன்னாள். அவர் பேசியது எனக்கும் கேட்டது.

"அதெல்லாம் விழாவுல பேசற விசயமுங்களா? புத்தகம் வேற அச்சாயிருச்சு. டாக்டரம்மா பேரு கெட்டுப்போயிருமுங்க."

"எங்கம்மா பேரு கெடறதுக்குக்கூட எங்கயும் இல்லைங்களே" என்றாள் செல்வி. "மலர்ல போடாட்டிப் போகுதுங்க. சால்வை போட்டதுக்கப்பறம் சின்னம்மா கையில மைக்கு குடுப்பீங்கல்ல? அது போதும்." அவர் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

என்னைப் பார்த்து, "உங்கள நான் மன்னிச்சுப்போட்டேன்னு நெனச்சுக்காதீங்க" என்றாள். "படியில புடிச்சு எறக்கி விடறேன். அவ்வளவுதான்."

அவள் என் அக்கா மகள் அல்லவா? மனசில் வைத்துக்கொள்ள எங்கள் வீட்டுப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை விழா, டாக்டரம்மா. அவள் தோளைப் பிடித்துப் பதினெட்டுப் படியும் இறங்குவேன். மாலை போட்ட உங்கள் படத்துக்கு முன்னால் நின்று இந்த நோட்டைப் படிப்பேன். சீட்டு எழுதிய கை என்னுடையது என்பதை முதலில் படிப்பேன். கதவைச் சாத்தியதையும் படிப்பேன். அடிபம்பை நீங்களே அடித்ததையும், ஆபீஸ் வாசல்களில் நின்றதையும் ஒரு வரி குறைக்காமல் படிப்பேன். அந்தச் சட்டத்துக்குக் கீழே பொன்னாத்தாள் என்று எழுதும் வரைக்கும் அந்தச் சால்வையின் மடிப்பைப் பிரிக்க மாட்டேன். நீங்கள் திருப்பித் தராத சத்தியத்தை நானே எடுத்துக்கொள்கிறேன்.

கோபமா? இருக்கட்டும். எனக்கும் உங்கள் மேல் தீரவில்லை. ஆனால் சாயங்காலம் ஆனால் இன்னும் உங்கள் ஜீப் சத்தத்துக்குக் காது போகிறது. அதை என்ன செய்ய?

நீங்கள் ஒரு தடவை கொடுத்த உறவை இந்தக் கடிதத்தோடு உங்களிடமே திருப்பி வைக்கிறேன். என் பேரோடு எழுத எனக்கு வேறு ஒன்று இருக்கிறது.

இப்படிக்கு,
பொன்னாத்தாளின் தங்கச்சி
ராமாத்தாள்